‘மேற்படி’ என எழுதப்பட்டோர்: தேரி நாட்டுச் சபைகளின் தொழில் வரலாறு

பழைய சபைப் பதிவேடுகளை ஆராயப் புகும் மாணவர் பெரும்பாலும் மூன்று செய்திகளையே தேடுகின்றனர். ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை பேர், எந்த ஆண்டில் எந்த ஊரில் பெற்றனர், கொடுத்த குருவானவர் யார் என்பனவே அவை. இவற்றைக் குறித்துக்கொண்டபின் ஏட்டை மூடிவிடுகின்றனர். ஆயின் அதே பக்கத்தில் எவரும் நின்று நோக்காத மற்றொரு கட்டம் உண்டு. தகப்பனின் தொழில் யாது என்பதே அது. இங்கிலாந்தில் 1812ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பதிவேட்டுச் சட்டம் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலையும் எழுதுமாறு வகுத்தது. அப்படிவத்தை ஒட்டி அமைந்த நம் ஏடுகளிலும் அக்கட்டம் இடம்பெற்றது.

தேரி நாட்டுச் சேகரம் ஒன்றில் நாம் இளங்குருவாகப் பணியாற்றிய நாட்களில், கறையான் தின்றது போக எஞ்சியிருந்த ஏடுகளைத் தூசு தட்டி அடுக்கும் வேலை எமக்கு வாய்த்தது. அப்போதுதான் அக்கட்டத்தை முதன்முதலாக ஊன்றி நோக்கினோம். பக்கத்தின் தலைப்பில் ‘பனையேறி’ என்று ஒருமுறை எழுதப்பட்டிருந்தது. அதன் கீழ் அடிவரி மட்டும் ‘மேற்படி, மேற்படி, மேற்படி’ என்றே சென்றது. அடுத்த பக்கமும் அவ்வாறே. ஓரிடத்தில் ‘உபதேசியார்’ என்று ஒரு வரி. பின்னர் மீண்டும் பனையேறி, மீண்டும் மேற்படி. அந்த மேற்படிகளுள் ஒன்று எம் பாட்டனாரின் தகப்பனாருக்கு உரியது என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தோம். தாயின் தொழிலுக்கு அவ்வேட்டில் கட்டமே இல்லை.

இந்த ‘மேற்படி’ என்னும் சொல்லுக்குள் அடங்கிக்கிடக்கும் உழைப்பையும், அவ்வுழைப்பைத் திருச்சபை எங்ஙனம் நோக்கியது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

தேரி என்பது பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் செம்மணற் பரப்பாகும். இரும்புத் துரு ஏறிய மணல் ஆதலின் அதன் நிறம் சிவப்பு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் எழுந்து இடம்பெயரும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடுவதால் தென்மேற்குப் பருவமழை இப்பகுதிக்குப் பெரிதும் எட்டுவதில்லை. நெல்லும் வாழையும் தாமிரபரணிப் பாசனத்தோடு நின்றுவிட்டன. ஆற்றுநீர் எட்டாத இம்மணலில் வேரூன்றி நின்ற மரம் பனை ஒன்றே. ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் இங்கு மிகுதி. முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி, சாயர்புரம் எனச் சீர்திருத்தத் திருச்சபையின் பெயர்பெற்ற ஊர்கள் பலவும் இந்நிலத்திலோ இதன் ஓரத்திலோ எழுந்தவையே. 1799ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் கிறிஸ்தவர்க்கென முதல் குடியிருப்பாக முதலூர் உருவாயிற்று. அங்கே குடியேறியோருள் பலர் பனையை நம்பி வாழ்ந்தோரே.

பனைத்தொழில் இன்னதென அறியாத மாணவர் இன்று நம் வகுப்புகளில் பலர். தேரி நாட்டிலிருந்தே வருவோருள்ளும் அறியாதார் உளர். ஆதலின் சற்று விரித்துரைப்பது தகும். தை மாசியில் பாளை வெளிப்படத் தொடங்கும். அதுமுதல் ஆடி ஆவணி வரை தொழிற்காலம். பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, கட்டி, நுனியைச் சீவிவிட்டுக் கலயத்தைப் பொருத்துவர். சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும. நாள்தோறும் சீவாவிடில் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். ஆகவே ஏறத் தொடங்கியவர் பருவம் முடியும்வரை ஒரு நாளும் ஓய இயலாது. விடியுமுன் ஏறிச் சாற்றை இறக்கவேண்டும். மாலையில் மீண்டும் ஏறிப் பாளை சீவவேண்டும். கால்களைப் பிணைக்கும் தளைநார், மரத்தில் சாய்த்து ஏறும் முருக்குத்தடி, இடையில் கட்டிய அருவாள்பெட்டி, இவையே அவருடைய கருவிகள். மரத்தை அணைத்து ஏறுவதால் மார்பிலும் முன்கைகளிலும் தோல் காய்த்துப்போகும்.

ஒருவர் நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரம் ஏறுவது வழக்கம். ஒரு கணக்குப் பார்ப்போம். மரமொன்று நாற்பது அடி எனக் கொண்டால், நாற்பது மரங்களைக் காலை மாலை இருவேளையும் ஏறும் மனிதர் 3,200 அடி உயரம் ஏறுகிறார்; அவ்வளவும் இறங்குகிறார். மெய்ஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரத்தின் உயரம் 192 அடி. அதைக் காணச் செல்லும் விருந்தினர் கழுத்தை நிமிர்த்தி வியப்பது உண்டு. அக்கோபுரத்தின் நிழலில் வாழ்ந்த பனையேறி அதைப்போல் பதினாறு மடங்கிற்கும் மேலான உயரத்தை ஒரே நாளில், ஏணியின்றி, ஏறினார். இவ்வொப்புமையை நாம் ஒரு பிரசங்கத்தில் கூறியபோது, கோபுரம் கட்டியவர்களுக்கு அது குறைவாகிவிடும் என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். குறைவு கூறுவது எம் நோக்கமன்று. ஜான் தாமஸ் என்னும் மிஷனெரி மணற்காட்டில் கிணறுகள் தோண்டி, மரங்கள் வளர்த்து அவ்வூரை உருவாக்கினார். ஆயினும் அவ்வூராரின் வாழ்வைத் தாங்கிய உயரம் கோபுரத்தின் உயரமன்று என்பதும் வரலாறே.

இறக்கிய பதநீர் பெண்களின் கைக்கு வருகிறது. தொழிற்காலத்தில் விளைக்குள்ளேயே ‘விடிலி’ என்னும் ஓலைக்குடில் அமைத்துக் குடும்பம் முழுவதும் அங்குச் சென்று தங்குவதும் உண்டு. பதநீரை வடிகட்டி, அடுப்பேற்றி, மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றினால் கருப்புக்கட்டி. ஏறத்தாழப் பத்து லிட்டர் பதநீரிலிருந்து ஒரு கிலோ கருப்புக்கட்டி கிடைக்கும். ஒன்பது பங்கு ஆவியாகவேண்டும் என்றால் விறகு எவ்வளவு, புகை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவ்விறகைச் சேர்ப்பதும் அவர்கள் பாடே. பதம் சிறிது தப்பினாலும் கணவர் அன்று ஏறிய ஏற்றமெல்லாம் வீண். ஓலை முடைந்து பெட்டியும் கடகமும் பாயும் செய்வது எஞ்சிய நேரத்து வேலை. எஞ்சிய நேரம் என ஒன்று இருந்ததோ என்பது வேறு. பதிவேட்டில் தாயின் தொழிலுக்குக் கட்டம் இல்லை என்றோம். பனையேறி பாதி வேலையைச் செய்தார். மறுபாதியைச் செய்தவர் எழுதப்படவேயில்லை.

இத்தொழிலைச் சார்ந்து வேறு தொழில்களும் இருந்தன. கலயம் வனையும் குயவர், பாளை அருவாள் அடிக்கும் கொல்லர், கடற்கரையில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு தருவோர், கருப்புக்கட்டியை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர், முன்பணம் கொடுத்துச் சரக்கை எடுக்கும் வியாபாரி என அவ்வரிசை நீளும். இவர்களுள் வியாபாரியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையற்ற மாதங்களில் பனையேறிக்குக் கடன் கொடுப்பவர் அவர். பருவத்தில் தாம் வைத்த விலைக்குக் கருப்புக்கட்டியாக அதைத் திரும்பப் பெறுபவரும் அவரே. மரமோ பெரும்பாலும் வேறொருவருக்குச் சொந்தம். வாரமாகவோ பாட்டமாகவோ அவருக்கு ஒரு பங்கு போய்விடும். மேலும் கீழும் இவ்விருவருக்கு இடையில்தான் பனையேறியின் வருவாய் நின்றது.

இம்மக்கள் ஆவணங்களில் தோன்றும் முறை தொன்றுதொட்டே ஒரு படித்தாயிருக்கிறது. பல்லவர் செப்பேடுகளில் ‘ஈழம்பூட்சி’ என்று ஒரு வரி காணப்படுகிறது. மரமேறிக் கள் இறக்குவோர்மீது விதிக்கப்பட்ட வரி அது. சோழர் காலத்துக் கொடைச் சாசனங்களில், கொடையாக விடப்பட்ட ஊரின் தென்னையிலும் பனையிலும் மரமேறுவோர் ஏறலாகாது என்னும் விதி இடம்பெறுகிறது. வரி வாங்குவதற்காக அல்லது தடை விதிப்பதற்காக மட்டுமே அம்மக்கள் எழுத்தில் ஏறினர். பழந்தமிழ் நூல்களை நமக்குக் காத்துத் தந்த ஏடுகளில் பெரும்பாலானவை பனையோலையே. நம் இறையியல் கல்லூரி நூலகங்களில் ஏட்டுச்சுவடிகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகிறோம். ஓலையை வெட்டி இறக்கியவர் யார் என்று எந்த மாணவரும் இதுவரை எம்மிடம் கேட்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனெரிமார் வந்தபின் நிலை மாறிற்று எனலாம். ஒரு வகையில் மாறத்தான் செய்தது. முதன்முறையாகப் பனையேறியின் பெயரை ஒருவர் கேட்டு எழுதினார். அவர் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆயின் அவரைப் பற்றி எழுதப்பட்டதன் தன்மையையும் நாம் மறைக்கலாகாது. ராபர்ட் கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டுக் காலம் அம்மக்களிடையே உழைத்தவர். 1849இல் அவர் இம்மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அக்காலத்தில் வழங்கிய, இன்று இழிசொல்லாகக் கருதப்படும் சாதிப்பெயரையே அதன் தலைப்பில் அமைத்தார். பனையைப் பற்றியும் ஏறும் முறையைப் பற்றியும் அதில் நுணுக்கமாக எழுதிய அவர், ஏறுபவரின் அறிவைப் பற்றித் தாழ்வாக எழுதினார். அவர்கள் இந்நாட்டின் பழங்குடியினர் அல்லர், இலங்கையிலிருந்து வந்தேறியவர் என்றும் உரைத்தார். இங்கிலாந்தில் காணிக்கை திரட்டுவதற்குத் துணைசெய்த அந்நூல், அம்மக்களுள் ஆங்கிலம் கற்ற முதல் தலைமுறையார் கைக்கு வந்தபோது பெருங்கொந்தளிப்பை விளைத்தது. கால்டுவெல் பின்னர் அந்நூலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேரிட்டது. நாசரேத்துப் பகுதியில் சட்டம்பிள்ளை என வழங்கிய அருமைநாயகம் மிஷனெரிமாரோடு முரண்பட்டு 1857இல் தனிச்சபை கண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்நூல் மூட்டிய மனப்புண் அவற்றுள் ஒன்று. சாதிப்பெயர் பற்றிய வழக்கு நீண்டு, 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பில்தான் ‘நாடார்’ என்னும் பெயரை அரசினர் ஏற்றனர்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்நூலை எதிர்த்தோர் பெரிதும் வற்புறுத்தியது தங்கள் குலம் அரசகுலம், க்ஷத்திரியகுலம் என்பதையே. இழிவுரைக்கு எதிராக எழுந்த அந்நியாயமான சினத்தை, அஃதாவது அயலாரின் அளவுகோலையே எடுத்துக்கொண்டு வாதாடிய சினத்தை, நாம் புரிந்துகொள்கிறோம். ஆயினும், மரமேறுவது இழிவன்று என வாதாடியோர் மிகச் சிலரே. மிஷனெரி தொழிலை வைத்து மக்களைத் தாழ்த்தினார். மக்கள் தொழிலை விலக்கிவைத்துத் தம்மை உயர்த்திக்கொண்டனர். இரண்டிலும் பனையேறி கீழேயே விடப்பட்டார்.

சபை வாழ்வோ அத்தொழிலோடு பிரிக்க இயலாதபடி பின்னிக்கிடந்தது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிடில் சில மணிநேரத்தில் கள். கிறிஸ்தவச் சிற்றூர்களில் மதுவிலக்கு சபை ஒழுங்காக இருந்தமையால், ஒழுங்கிற்கு உட்பட்டவருக்கும் தவறியவருக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு விரற்கடைச் சுண்ணாம்பே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்னும் கட்டளை இங்குப் பெரும் இடர்ப்பாடு. பாளைக்கு ஞாயிறு தெரியாது. நாம் பணியாற்றிய சேகரத்தில் பருவகாலத்து ஞாயிறுகளில் ஆண்கள் இரண்டாம் பாடம் வாசிக்கும் வேளையில்தான் வந்து சேருவர். அருவாள்பெட்டியை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசி வரிசையில் அமர்வர். அவர்கள் எடுத்துவரும் பதநீர் மணம் ஆலயத்துள் நிறையும். எமக்கு முன்னிருந்த குருவானவர் ஒருவர் தாமதமாய் வருவோரைப் பெயர் சொல்லிக் கண்டித்ததாகக் கூறுவர். தபசு காலமும் குருத்தோலை ஞாயிறும் பருவத்தின் நடுவே வரும். பவனிக்கு வேண்டிய குருத்தை வெட்டித் தருவதும் அவர்களே. பவனியில் வர நேரமில்லாதவரும் அவர்களே.

காணிக்கையைப் பற்றியும் கூறவேண்டும். இவ்வூர்களின் ஆலயங்கள் அயல்நாட்டுப் பணத்தால் மட்டும் எழுந்தவையல்ல. இடையன்குடி ஆலயம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டப்பட்டு 1880இல் பிரதிஷ்டை பெற்றது. அத்தனை ஆண்டுகள் ஒரு கட்டடத்தைத் தாங்கிய ஊராரின் தொழில் யாது என்பதை நாம் அறிவோம். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றித் தெலுங்கு நாட்டிற்கு ஊழியரை அனுப்பியது. அதனை முன்னின்று தொடங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா மெய்ஞ்ஞானபுரத்திற்கு அடுத்த வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சரானவர். அந்தச் சங்கத்திற்குச் சென்ற காணிக்கையில் தேரி நாட்டுக் கருப்புக்கட்டிப் பணமும் கலந்திருந்தது. மிஷனெரி வரலாற்று நூல்களில் அனுப்பப்பட்டோரின் படங்கள் உள்ளன.

ஆவணி கழிந்தால் மரம் ஓயும். அடுத்த தை மாசி மட்டும் வருவாய் இல்லை. அவ்விடைவெளியே இப்பகுதியாரைக் கடல் கடக்கச் செய்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியிலும் கப்பலிலும் சென்று இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தனர். திருவிதாங்கூர் மலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். 1854இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது அதற்கு உபதேசிமாரைத் தந்தது திருநெல்வேலிச் சபையே. கூலி சென்ற வழியே உபதேசியாரும் சென்றார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. பின்னர் தேயிலை வந்தது. ஒருசிலர் திரும்பிவந்து விளை வாங்கினர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர். எஞ்சியோருள் சிலர் ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளங்களில் கூலி பார்த்தனர். ஆனால் உப்பு விளையும் கோடையே பதநீர் இறங்கும் காலமும் ஆதலின், ஒன்றைப் பிடித்தவர் மற்றொன்றை விடவேண்டியிருந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சபைகளின் தொகையைப் பெருக்கியது போலவே தொழில் பற்றிய ஒரு புதிய சிந்தனையையும் கொணர்ந்தது. நாசரேத்தில் ஆர்தர் மர்காஷிஸ் 1878இல் கைத்தொழிற் பள்ளியை நிறுவினார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறுவர்க்குத் தச்சும் கொல்லும் தையலும் கற்பிக்கப்பட்டன. சாதி எந்தத் தொழிலைக் கொடுத்ததோ அதையன்றி வேறொன்றைக் கையால் செய்து பிழைக்கலாம் என்பது அந்நாளில் சிறு செய்தியன்று. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய பின்னல்வேலையை அவர் மகளும் கால்டுவெல்லின் துணைவியாருமான எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்கள் கையில் அவர்களுடைய பெயரால் கூலி வந்தது அதன் வழியாகவே. அதன் அளவு சிறிதெனினும் அடுப்புப்புகையோடு ஒப்பிட்டால் அதன் மதிப்புப் பெரிது. மற்றொருபுறம், ஜி. யு. போப் 1840களில் சாயர்புரத்தில் வளர்த்த கல்விச்சாலையும் அதைப் போன்றவையும் உபதேசிமாரையும் ஆசிரியரையும் ஆக்கித்தந்தன. எம் குடும்பத்துக் கதையும் இதுவே: பாட்டனாரின் தகப்பனார் பனையேறி, பாட்டனார் உபதேசியார், தகப்பனார் ஆசிரியர், நாம் குரு. இத்தகைய ஏணி ஆயிரம் வீடுகளில் உண்டு. அதைக் கடவுளின் ஆசீர்வாதம் எனச் சாட்சி கூறுகிறோம், கூறுவதும் தகும்.

எனினும் இவ்வெல்லா முயற்சிகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பனையேறியின் பிள்ளையை மரத்திலிருந்து இறக்குவதே அவற்றின் நோக்கம். மரத்திலேயே இருக்கும் தகப்பனுக்கு அவை ஒன்றும் செய்யவில்லை. ஏறும் கருவி மாறவில்லை, அடுப்பு மாறவில்லை, முன்பணக் கடன் மாறவில்லை. விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கு மிஷன் மருத்துவமனையில் கட்டில் கிடைத்தது. அதன்பின் அவர் வீட்டார் பாடு அவர் வீட்டாருடையது. பழைய அடக்கப் பதிவேடுகளில் மரணத்தின் காரணம் எழுதும் கட்டம் உண்டு. பருவகாலத்து மாதங்களில் அதில் ‘மரத்திலிருந்து விழுந்து’ என்னும் சொற்களை நாம் எத்தனை முறை படித்தோம் என்று எண்ணவில்லை, எண்ணியிருக்கவேண்டும். விதிவிலக்காகச் சொல்லத்தக்கது தென் திருவிதாங்கூரில், மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் 1920களில் நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியாகும். இருக்கும் தொழிலோடு தேனீயும் கோழியும் சேர்த்து வளர்க்கக் கற்பித்தார் அவர். கருப்புக்கட்டித் தொழிலை நாட்டுத் தொழிலாக மதித்துக் கூட்டுறவு முறையில் அமைக்க முனைந்தோர் பெரும்பாலும் காந்தியடிகளின் வழிவந்த கிராமக் கைத்தொழில் ஊழியரே, திருச்சபையார் அல்லர். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது பதநீர் இறக்கவும் உரிமம் வேண்டியதாயிற்று. சட்டத்தை நாம் மேடைதோறும் வரவேற்றோம். சுண்ணாம்புக் கலயத்தோடு காவலர்முன் நின்றவரின் பக்கம் பேசியோர் குறைவு.

இனி எம் குற்றம் ஒன்றையும் எழுதவேண்டும். பிறர் குறையை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது. இப்பகுதியில் சில சபைகளுக்குச் சொந்தமாகவே விளைகள் உண்டு. யாரோ ஒரு விதவை எழுதிவைத்தது, யாரோ ஒரு வியாபாரி நேர்ந்துகொண்டது என அவை சேர்ந்தவை. 1990களின் இறுதியில் நாம் பொறுப்பேற்றிருந்த சேகரத்திலும் அத்தகைய விளை ஒன்று இருந்தது. அதில் பல ஆண்டுகளாக ஏறிவந்தவர் சபையின் அங்கத்தினர். வயது அறுபதை நெருங்கியவர். சிறு தொகை பாட்டம் கட்டிவந்தார். வருமானம் போதவில்லை என்று சேகர மன்றம் விளையை ஏலத்தில் விட முடிவுசெய்தது. தலைமை வகித்தவர் நாமே. வெளியூர் வியாபாரி ஒருவர் இரு மடங்கிற்கு மேல் கேட்டார். ஏலம் அவருக்கு முடிந்தது. நடவடிக்கைப் புத்தகத்தில் ‘விளை ஏலம் வகையில் வரவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மன்றத்தார் மகிழ்ந்தனர். பெரியவர் அதே மரங்களில், அதே பருவத்தில், அவ்வியாபாரியின் ஆளாகத் தொடர்ந்து ஏறினார்.

அடுத்த சில வாரங்களில் சகேயுவைப் பற்றிய பகுதி பிரசங்கத்திற்கு வந்தது. மரமேறிகள் நிறைந்த சபை ஆதலின் சகேயு மரத்தில் ஏறியதைச் சற்று நகைச்சுவையாகவே விரித்தோம், சபையும் சிரித்தது. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கையில் அப்பெரியவர் நின்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்கவேண்டியதைக் கேட்பதுபோல் கேட்டார். “ஐயா, சகேயு ஒரே ஒரு தரம் ஏறுனான். ஆண்டவரு அண்ணாந்து பாத்து, இறங்கி வான்னு சொல்லிட்டாரு. நாங்க நாளைக்கு எம்பது தரம் ஏறுதோம். கீழ நின்னு யாருய்யா கூப்புடுதா?” மறுமொழி கூற எமக்கு அன்று இயலவில்லை. அடுத்த ஆண்டு மன்றத்தில் ஏலத்தை நிறுத்தவேண்டும் என்று பேசினோம். வருமானக் கணக்கைக் காட்டி மறுத்தனர். அதற்குள் எமக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. திருச்சபை ஆட்சி எல்லைகளும் மாறின. தூத்துக்குடி மாவட்டம் 1986இல் பிரிந்தது, தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் 2003இல் தனியாயிற்று. 1978இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனை, செங்கற்சூளைகளுக்கு விறகாய்ச் சென்றதையும் கண்டோம். 2021இல்தான் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பனைமரத் தொழிலாளருக்கென நல வாரியம் 2006இல் அமைந்தது. உடன்குடிக் கருப்புக்கட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. கடையில் அதன் பெயரால் சீனிப்பாகு கலந்த சரக்கு விற்கப்படுவதும் உண்டு. ஏறுவோரோ ஊருக்குச் சிலராகக் குறைந்துவிட்டனர். அவர்களுள் இளைஞர் அரியர். மரம் காக்கப்பட்டுவிட்டது எனக் கொண்டாலும் ஏறத் தெரிந்த கை இன்றி அது நிழலுக்கும் உதவாத மரமே. பட்டணத்தில் நல்ல கருப்புக்கட்டி தேடும் நம் சபையார் சிலர், தம் ஊரில் ஏறுபவரின் பெயரை அறியார்.

களப்பணிக்குத் தேரி நாடு செல்லும் மாணவர்க்கு நாம் சில ஆண்டுகளாக ஒரு வேலை கொடுத்துவருகிறோம். ஞானஸ்நான ஏட்டின் தொழிற்கட்டத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாக எண்ணி வரவேண்டும். சபை விளைகளின் பாட்டக் கணக்கை நடவடிக்கைப் புத்தகங்களில் தேடவேண்டும். இன்றும் பதநீர் காய்ச்சும் பெண் ஒருவரோடு அடுப்படியில் ஒரு முழுநாள் அமர்ந்திருக்கவேண்டும். மூன்றாவதைச் செய்துவந்த மாணவர் ஒருவர், புகையினால் தம் கண்கள் இரண்டு நாள் எரிந்ததாகவும், அவ்வம்மையார் அதைக் கண்டு சிரித்ததாகவும் எழுதியிருந்தார். அவ்வறிக்கை நல்ல அறிக்கை.

சகேயுவைப் பற்றிக் கேட்ட பெரியவர் 2009இல் காலமானார். அச்செய்தி எமக்குப் பிந்தியே எட்டியது. பின்னர் அவ்வூருக்குச் சென்றபோது அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். தொழில் என்னும் கட்டத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தது. எழுதிய குருவானவர் நம்மிடம் பயின்றவர்தாம், அவரையே வினவினோம். “மதிப்பாக இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன், ஐயா” என்றார்.